நடுகல் காணா வான்மறவர்

வீரன் என்பவன் யார்? களத்திலே பகைவனை எதிர்நின்று, மார்பிலே புண் தாங்கி வீழ்ந்தவனே வீரன் என்பது நம் முன்னோர் வகுத்த இலக்கணம். அந்த இலக்கணத்தில் அவர்கள் எத்துணை உறுதி காட்டினர் என்பதைப் புறநானூற்றின் 74ஆம் பாடலும் 93ஆம் பாடலும் உணர்த்துகின்றன. இறந்து பிறந்த குழவியையும் அவ்வாறே விட்டுவிடாது வாளால் வடுப்படுத்திப் பின்னரே அடக்கம் செய்த மறக்குடியின் வழக்கத்தைச் சேரமான் கணைக்கால் இரும்பொறையின் பாடல் கூறுகின்றது. நோயுற்றுப் படுக்கையில் மாண்ட மன்னரைப் புல்லின்மேல் கிடத்தி வாளால் கீறி, அவரையும் வீரர் புகும் உலகிற்கு அனுப்பிய செய்தியை ஔவையார் அதியமானுக்குப் பாடிய பாட்டில் காண்கிறோம்.

இவ்வழக்கத்தை இன்றைய மனம் கொடிதென்று கருதலாம். ஆயினும் அதன் உள்ளே ஓர் இரக்கமும் உறைந்து கிடக்கிறது. களம் காணும் வாய்ப்பின்றி இறந்தவனையும் வீரர் வரிசையினின்று விலக்கிவிட அம்மக்கள் மனம் ஒப்பவில்லை. போர் அவனுக்குத் தராத புண்ணைத் தம் கையாலேயே தந்து, அவனையும் சேர்த்துக்கொண்டனர்.

அப்படியாயின், போருக்கென்றே வீட்டை விட்டுப் புறப்பட்டு, போர்ச்சீருடையும் அணிந்து, போர்க்களத்தைக் காணுமுன்னரே பயிற்சியின்போது உயிர்நீத்த ஓர் இளைஞனை எந்த வரிசையில் வைப்பது? அவனைப் பகைவன் கொல்லவில்லை. பதக்கம் பெறும் செயல் எதனையும் அவன் செய்யவில்லை. அவன் இறந்த நாள் எந்த வெற்றியின் நாளும் அன்று. இரண்டாம் உலகப் பெரும்போரில் இவ்வாறு மறைந்த வானப்படையினர் பல்லாயிரவர். அவர்களை எண்ணிப் பார்க்கத் தங்கவயல் தமிழராகிய நமக்குத் தனிக் காரணம் உண்டு. அக்கதையின் ஒரு பகுதி நம் அண்டையிலேயே நிகழ்ந்தது.

கோலார் மேட்டு நிலத்தில் ஒரு விமானத்தளம்

1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்தது. ஏப்ரல் மாதத்தில் கொழும்பிலும் திருகோணமலையிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னை மாநகரமே அஞ்சிப் பாதி காலியான நாள்கள் அவை. அதுகாறும் போரின் ஓசை கேளாத தென்னாடு, ஒரு சில மாதங்களில் போரின் பின்கட்டாக மாறியது. அரக்கோணம், சோழவரம், தஞ்சாவூர், உளுந்தூர்ப்பேட்டை, சூலூர், எலகங்கா என்று ஊர்தோறும் ஓடுபாதைகள் எழுந்தன. செங்குன்றம் ஏரியில் நீர்மேல் இறங்கும் விமானங்கள் மிதந்தன. அந்த வரிசையில் சேர்ந்ததே கோலார் விமானத்தளமும்.

பர்மாப் போர்முனையினின்று தொலைவாய் இருந்தமையால் பகை விமானத்தின் அச்சம் இங்கில்லை. மைசூர்ப் பீடபூமியின் தட்பம் வங்காளத்தின் புழுக்கத்தினும் நன்று. எனவே, வேறுவகை விமானங்களை ஓட்டிப் பழகியவர்களைப் புதிய விமானங்களுக்குப் பழக்கும் மாற்றுப்பயிற்சிப் பிரிவுகள் மைசூர் நாட்டில் அமைந்தன. எலகங்காவில் மஸ்கிட்டோ விமானங்களுக்கான பிரிவு இருந்தது. கோலாரில் நான்கு எஞ்சின் கொண்ட லிபரேட்டர் என்னும் பெருவிமானத்துக்கான 1673ஆம் எண் பிரிவு இயங்கியது. 1944ஆம் ஆண்டில் 82ஆம் எண் படைப்பிரிவும் தன் பழைய விமானங்களை விடுத்து மஸ்கிட்டோவைப் பழகக் கோலாருக்கு வந்தது.

அவ்வாண்டு நவம்பர் 8ஆம் நாள், 1673ஆம் எண் பயிற்சிப் பிரிவே 358ஆம் எண் போர்ப்படைப் பிரிவாக உருமாறியது. ஒரு போர்ப்படைப் பிரிவின் பிறந்த ஊர் என்று வரலாற்று ஏடுகளில் கோலாரின் பெயர் இடம்பெற்றது இவ்வாறுதான். 1945 தொடக்கத்தில் அப்பிரிவு வங்காளத்தின் டிக்ரி தளத்திற்குச் சென்றது. ஜனவரி 13ஆம் நாள் ஒரே ஒரு குண்டுவீச்சில் கலந்துகொண்டது. அதன்பின் பர்மா, தாய்லாந்து, இந்தோசீனம், மலேயா ஆகிய நாடுகளின் காடுகளில் இரவோடு இரவாக ஆட்களையும் பொருள்களையும் பாராசூட்டில் இறக்கும் மறைபணியை மேற்கொண்டது. அத்தொலைப் பயணங்களுக்கு வேண்டிய பழக்கம் கோலாரின் வானத்தில்தான் பெறப்பட்டது.

கோலார் நகருக்கும் நம் வயலுக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மாட்டு வண்டிக்கு அது ஒரு நாள் வழி. லிபரேட்டருக்கு ஐந்தாறு நிமிட வழி. இங்கே மனிதர் கூண்டில் ஏறி மண்ணுக்குள் மைல் கணக்கில் இறங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அங்கே வேறு சில மனிதர் விண்ணில் மைல் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தனர்.

பயிற்சி என்னும் போர்க்களம்

பயிற்சி என்றால் ஆபத்தில்லாத வேலை என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். அக்காலத்து வானப்படைக்கு அவ்வெண்ணம் சற்றும் பொருந்தாது. பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் மட்டும் அப்போரில் மாண்டவர் 55,000க்கும் மேற்பட்டோர். அவர்களுள் 5,000க்கும் மேற்பட்டோர் பயிற்சியில் மாண்டவர்கள். அமெரிக்காவிலோ, தம் நாட்டு மண்ணிலேயே பயிற்சி விபத்துகளில் இறந்த வானப்படையினர் ஏறத்தாழ 15,000 பேர் என்பர். பகைவனின் நிழல்கூடப் படாத வானத்தில் நேர்ந்த இறப்புகள் இவை.

காரணங்களைத் தேடி வெகுதூரம் போகவேண்டுவதில்லை. போர் முற்றிய வேளையில் ஆட்கள் விரைவாக வேண்டப்பட்டனர். இருபது வயதும் நிரம்பாத இளைஞர் சில நூறு மணி நேரப் பழக்கத்தோடு பெருவிமானங்களின் முன்னிருக்கையில் அமர்ந்தனர். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒரே நாளில் பன்முறை ஓடுபாதையைத் தொட்டெழும் பயிற்சி. விளக்கில்லா இரவில் கருவிகளை மட்டுமே நம்பிப் பறக்கும் பயிற்சி. நிலத்தின் அடையாளம் எதுவுமில்லாத கடல்மீது வழி கணிக்கும் பயிற்சி. இவற்றில் எந்த ஒன்றிலும் ஒரு சிறு பிழைக்கு விலை உயிர்.

தென்னாட்டின் இயற்கை தன் பங்குக்கு வேறு இடர்களைச் சேர்த்தது. உயர்ந்த மேட்டு நிலத்தில், வெயிலால் காய்ந்த காற்று அடர்த்தி குறைந்திருக்கும். அதில் பாரமேற்றிய விமானம் எழுவதற்கு நீண்ட ஓட்டம் வேண்டும். ஓர் எஞ்சின் தவறினாலும் உயரம் பெறுதல் அரிது. பருவமழைக் காலத்து இடிமேகங்களோ, வெளியே பஞ்சுமலைபோல் தோன்றி, உள்ளே புகுந்த விமானத்தை முறித்துப்போடும் வலிமை கொண்டவை. வானிலை அறிவிப்பு இன்றைப்போல் வளராத காலம் அது. வழியறிய உதவும் ரேடியோ நிலையங்களும் சிலவே. கடல்மேல் சென்ற விமானம் உரிய வேளையில் திரும்பவில்லை எனில், பெட்ரோல் தீரும் நேரத்தைக் கணக்கிட்டுக் காத்திருப்பதே தளத்தில் இருந்தோர் செய்யக்கூடியதாயிற்று. அந்த நேரமும் கடந்தபின் ஏட்டில் ஒரு வரி எழுதப்படும்: காணவில்லை.

லிபரேட்டரில் எட்டுப் பேருக்குக் குறையாத குழுவினர் பறப்பர். விமானி ஒருவன், வழி கணிப்போன் ஒருவன், வானொலி இயக்குவோன் ஒருவன், குண்டு குறிபார்ப்போன் ஒருவன், துப்பாக்கியர் சிலர். ஒருவனது கைப்பிழைக்கு எண்மரும் ஆளாவர். ஒரு விமானம் விழுந்தால் எட்டு வீடுகளுக்குத் தந்தி போகும். நம் ஷாஃப்டில் இறங்கும் கூண்டின் கயிறும் அவ்வாறே அன்றோ? உள்ளே நிற்பவர் எவராயினும் அனைவர்க்கும் கயிறு ஒன்றே.

பசையின் குற்றமா, பாறையின் குற்றமா?

மஸ்கிட்டோவின் கதை நாம் ஊன்றிப் படிக்கத் தக்கது. உலோகமே விமானத்தின் உடல் என்றிருந்த காலத்தில், பிர்ச் பலகைகளுக்கு இடையே பால்சா மரத்தை வைத்துப் பசையால் ஒட்டிச் செய்யப்பட்ட விமானம் அது. இருவர் மட்டுமே செல்லும் அவ்விமானத்தின் வேகம் அக்காலத்தில் வியப்புக்குரியதாயிருந்தது. ஆயினும் 1944ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவில் பறந்த மஸ்கிட்டோக்கள் சில, நடுவானிலேயே இறக்கை முறிந்து வீழ்ந்தன. குண்டுவீச்சுப் பயிற்சியின்போது செங்குத்தாய் இறங்கி நிமிர்கையில் இறக்கையின் மேற்பலகை உரிந்து போயிற்று. அவ்வாண்டு நவம்பரில் இந்தியாவிலிருந்த மஸ்கிட்டோக்கள் பறவாது நிறுத்தப்பட்டன.

காரணம் யாது என்ற ஆராய்ச்சியில் இரு கட்சிகள் எழுந்தன. இந்நாட்டின் வெயிலும் மழையீரமுமே மரத்தைச் சுருக்கிக் கெடுத்தன என்றது ஒரு கட்சி. பலகையும் விட்டமும் இணையும் இடத்தில் தொழிற்சாலையிலேயே பொருத்தம் சரியாக அமையவில்லை, பசை உரிய இடத்தைப் பற்றவில்லை என்றது மற்றொரு கட்சி. இறுதியில் அவ்விணைப்பின் நெடுகிலும் மெல்லிய பலகைப் பட்டை ஒன்றை ஒட்டி மூடும் திருத்தம் மேற்கொள்ளப்பட்டது. தயாரிப்பு முறையும் திருத்தம் பெற்றது. மஸ்கிட்டோக்கள் மீண்டும் பறந்தன.

இதனைத் தங்கவயல்காரன் படிக்கும்போது அவனுக்கு வேறொரு வழக்கு நினைவுக்கு வராமற் போகாது. முற்காலத்தில் 'ஏர் பிளாஸ்ட்' என்று வழங்கிய பாறை வெடிப்பு நம் சுரங்கங்களில் எத்தனை உயிர்களைக் குடித்தது! பாறையின் இயல்பே அது, மனிதன் என்ன செய்ய இயலும் என்று கூறி அமைந்திருக்கலாம். ஆனால் பொறியியலார் அவ்வாறு அமையவில்லை. தாது எடுத்த வெற்றிடங்களில் மரத்தாங்கிகளுக்கு மாற்றாகக் கருங்கல் அடுக்குகளை எழுப்பினர். தாதுவை எடுக்கும் வரிசை முறையை மாற்றினர். இடையிடையே விட்டுவைத்த பாறைத் தூண்களில் அழுத்தம் எவ்வாறு குவிகிறது என்று கணித்தனர். வெடிப்பு அடியோடு நின்றதில்லை எனினும், பழியெல்லாம் பாறையின்மேல் சுமத்திவிட்டு வாளாவிருக்கும் போக்கு தகர்ந்தது.

விபத்தில் இறந்தவனுக்கு நாம் செய்யும் முதல் மரியாதை, அவன் ஏன் இறந்தான் என்று கேட்பதே. விதி என்ற ஒரு சொல்லால் அக்கேள்வியை மூடிவிட்டால், அவன் இறந்த அதே வழியில் மற்றொருவன் இறப்பான். பயிற்சி விமானிகள் விட்டுச்சென்ற உடைந்த மரத்துண்டுகளிலிருந்து கற்ற பாடத்தாலேயே பின்வந்தோர் உயிரோடு தரையிறங்கினர். களத்தில் வீழ்ந்தவன் பகைவனிடமிருந்து தன் தோழரைக் காத்தான் எனில், பயிற்சியில் வீழ்ந்தவன் பிழையிடமிருந்து தன் பின்னோரைக் காத்தான்.

எழுத்தால் நின்றவரும் கல்லால் நின்றவரும்

இவ்வாறு மறைந்தவருள் சிலர் பெயர் மட்டும் உலகறிந்து நிற்கிறது. 1940 செப்டம்பர் 3ஆம் நாள் வான்போரில் விமானம் எரிந்து, முகமும் கைகளும் வெந்து, பல அறுவை மருத்துவங்களுக்குப் பின் உயிர் பிழைத்தவர் ரிச்சர்ட் ஹில்லரி. அப்பட்டறிவை 1942இல் நூலாக எழுதிப் புகழ் பெற்றார். புகழோடு அமைதியாய் வீட்டில் இருந்திருக்கலாம். அவரோ மீண்டும் விமானத்துறைக்கே சென்று, 1943 ஜனவரி 8ஆம் நாள் ஸ்காட்லாந்தில் இரவுப் பயிற்சியில் விழுந்து இறந்தார். உடனிருந்த வானொலித் தோழரும் மாண்டார். ஹில்லரிக்கு அப்போது வயது 23.

ஜான் கில்லஸ்பி மகீ என்னும் இளங்கவிஞரின் வயது அதனினும் குறைவு. ஷாங்காயில் பிறந்து, கனடிய வானப்படையில் சேர்ந்து, பறத்தலின் இன்பத்தைப் பாடிய அவருடைய சிறு கவிதையை இன்றும் உலகெங்கும் விமானிகள் மனப்பாடமாய் அறிவர். 1941 டிசம்பர் 11ஆம் நாள் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் வானில் பயிற்சியின்போது அவருடைய ஸ்பிட்ஃபயர், கிரான்வெல் தளத்தின் பயிற்சி விமானம் ஒன்றோடு மோதியது. மகீக்கு வயது 19. மற்ற விமானத்தில் இருந்தவர் எர்னஸ்ட் கிரிஃபின். அவருக்கும் வயது 19தான். இந்திய வானப்படையின் முதல் அதிகாரிகள் பயின்றதும் அதே கிரான்வெல்லில்தான் என்பது நாம் குறிக்கத் தக்கது. ஒரே கணத்தில், ஒரே வானத்தில், ஒத்த வயதில் இருவர் இறந்தனர். ஒருவர் பெயரைக் கவிதை காத்தது. மற்றவர் பெயரைக் கல்லும் ஏடும் மட்டுமே காக்கின்றன.

நம் நாட்டின் கருண் கிருஷ்ண மஜும்தாரையும் இங்கே நினைத்தல் தகும். 1942இல் பர்மாவில் முதலாம் எண் படைப்பிரிவை நடத்திச் சிறப்புப் பதக்கம் பெற்றவர். பின்னர் ஐரோப்பிய வானிலும் பறந்து இரண்டாம் முறை அதே பதக்கம் பெற்றவர். ஜப்பானியரும் ஜெர்மானியரும் வீழ்த்த இயலாத அவ்வீரர், 1945 பிப்ரவரி 17ஆம் நாள் லாகூரில், வான் சாகசக் காட்சிக்கான ஒத்திகையின்போது ஹரிக்கேன் விமானம் வீழ்ந்து மறைந்தார். அவரைக் கோழை என்றோ, வீணே இறந்தவர் என்றோ கூறுவார் உளரோ? இலர். அவருக்கு இரண்டு பதக்கங்கள் இருந்தன. பதக்கம் பெறுமுன் இறந்தவனுக்கும் அதே நெஞ்சுதானே இருந்தது? காலந்தான் அவனுக்கு வாய்க்கவில்லை.

மைசூர் என்னும் பெயரும் அப்போரின் வானத்தில் பறந்தது. மைசூர் நாட்டின் கொடையால் பிரிட்டனில் 1941 ஜூனில் அமைந்த 129ஆம் எண் படைப்பிரிவு 'மைசூர் பிரிவு' என்றே பெயர் தாங்கியது. மைசூர் அரசின் இருதலைப் பறவையாகிய கண்டபேரண்டமே அதன் சின்னத்தில் இடம்பெற்றது. 79ஆம் எண் பிரிவும் 264ஆம் எண் பிரிவும் சென்னை மாகாணத்தின் பெயரைத் தாங்கின. கொடுத்த பணத்துக்கு நம் ஊர்களின் பெயர் விமானங்களில் ஏறிற்று. கொடுத்த உயிருக்கு யாருடைய பெயர் எங்கே ஏறிற்று?

பெயர் எழுதிய சுவர்கள்

அதற்கும் விடை உண்டு. சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டம் 1952இல் அமைக்கப்பட்டது. தென்னாட்டிலும் கீழ்நாட்டிலும் பல ஊர்களின் இடுகாடுகளில் சிதறிக் கிடந்த, பிற்காலத்தில் பேணுவாரின்றிப் போகக்கூடிய போர்க் கல்லறைகளை ஒன்றுசேர்ப்பதே அதன் நோக்கம். இரண்டாம் உலகப் போரில் இறந்த 856 பேர் அங்கே துயில்கின்றனர். உடல் கிடைத்தவர்க்கு அது.

உடலே கிடையாதவர்க்குச் சிங்கப்பூரின் கிராஞ்சியில், 1957இல் திறக்கப்பட்ட நினைவுச் சின்னம் உள்ளது. அதன் மேற்கூரை விமானத்தின் இறக்கை வடிவில் விரிந்து நிற்கிறது. கீழேயுள்ள தூண்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தெற்காசியாவிலும் கிழக்காசியாவிலும் அவற்றைச் சூழ்ந்த கடல்களிலும் மறைந்து, கல்லறை அறியப்படாது போன வானப்படையினர் பெயர்களும் அவற்றுள் அடங்கும். அச்சுவர்களின் சிறப்பு ஒன்றை நாம் கருத்திற் கொள்ளவேண்டும். இவன் குண்டுபட்டு இறந்தான், இவன் பயிற்சியில் இறந்தான் என்ற பாகுபாடு அங்கே இல்லை. பெயரும் பதவியும் மட்டுமே உண்டு. களம் கண்டவனும் காணாதவனும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றனர். வாளால் வடுப்படுத்தி வரிசையில் சேர்த்த நம் முன்னோர் எண்ணியதை இவர்கள் உளியால் செய்துவிட்டனர்.

இறந்தவன் பெயரைக் கல்லில் எழுதுதல் தமிழனுக்குப் புதியதன்று. தொல்காப்பியம் அதற்கென ஆறு படிகளை வகுத்துள்ளது: கல்லைத் தேர்ந்து காணுதல், கொணரத் தொடங்குதல், நீராட்டுதல், நடுதல், படையல் இடுதல், வாழ்த்துதல். நம்முள் பலருடைய பாட்டன்மார் புறப்பட்டு வந்த வடஆர்க்காட்டுச் செங்கம் பகுதி, நடுகற்களின் கருவூலமாகவே விளங்குகிறது. அங்கே எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில், வீரன் கருந்தேவக்கத்தியோடு, கள்வரைக் கடித்துப் போராடிய அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும் கல் கூறுகிறது. ஓர் ஆநிரைச் சண்டையில் காவல் நின்ற நாயின் பெயர் 1,400 ஆண்டுகளாய் நிலைத்திருக்கிறது!

மைசூர் மைன்ஸின் கடன்

இப்போது நம் பக்கம் திரும்புவோம். ஜான் டெய்லர் குழுமம் 1880இல் இங்கே கால்கொண்டது முதல், 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டது வரை 120 ஆண்டுகள். மைசூர் மைன்ஸ், சாம்பியன் ரீஃப், நந்திதுர்க்கம், உரிகம் என்று நம் தெருக்களின் கீழே 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் நம்மவர் உழைத்தனர். பாறை வெடிப்பில் இறந்தார், கூண்டு விபத்தில் இறந்தார், வெடிமருந்தால் இறந்தார். இவர்களைவிட மிகுதியானோர், கல்புழுதி நுரையீரலில் படிந்து, வேலையை விட்டு ஆண்டுகள் பல கழிந்தபின், லயன் வீட்டுத் திண்ணையில் மூச்சுக்குத் தவித்துத் தவித்து இறந்தார். அந்நோய் இவ்வயலில் முறையாக ஆராயப்பட்டதே 1940ஆம் ஆண்டுகளில்தான். கோலாரில் விமானங்கள் பறந்த அதே காலம்.

படுக்கையில் இறந்த மன்னனைக்கூட வீரன் வரிசையில் சேர்க்க முயன்ற மரபு நம்முடையது. அவ்வாறாயின் திண்ணையில் இருமி இறந்த தொழிலாளியை எந்த வரிசையில் வைப்பது? வாள் வேண்டுவதில்லை, அவன் மார்பின் உள்ளேயே புண் இருந்தது. பயிற்சியில் விழுந்த விமானியும் புழுதியால் வெந்த சுரங்கத் தொழிலாளியும் ஒருவரை ஒருவர் அறியார். ஒருவன் நாடு வேறு, மொழி வேறு. ஆயினும் பெரியதொரு முயற்சிக்குத் தம்மை ஒப்படைத்து, வெற்றி விழாவின் மேடைக்கு அழைக்கப்படாமலே மறைந்தவர் என்ற முறையில் இருவரும் உடன்பிறந்தாரே.

இருவர்க்கும் உள்ள வேறுபாடு ஒன்றே. விமானியின் பெயரை எவரோ ஒரு எழுத்தர் அன்றே ஏட்டில் பதிந்தார். அதனால் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு சிற்பியால் அதனைச் சுவரில் பொறிக்க முடிந்தது. முதலில் பட்டியல், பிறகே கல். நம்மவர் பெயர்கள் இன்னும் பெரும்பாலும் வீடுகளிலேயே கிடக்கின்றன: பழைய தகரப் பெட்டியில் மடித்து வைத்த வேலைச் சீட்டில், கூலி அட்டையில், இடுகாட்டுச் சிலுவையில், பாட்டிமார் நினைவில். இளைஞர் வேலை தேடி நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறும் ஊரில், அப்பெட்டிகள் நெடுநாள் நிலைக்கும் என்று நம்புவதற்கில்லை.

எனவே தமிழ் அன்பர்கள் ஒரு பணியை மேற்கொள்ளலாம். லயன் லயனாகச் சென்று, சுரங்கத்தாலும் சுரங்க நோயாலும் இறந்தவரின் பெயர், ஊர், ஷாஃப்ட், ஆண்டு ஆகிய நான்கையும் கேட்டெழுதலாம். அதோடு, நம் பகுதி இடுகாடுகளில் போர்க்காலத்துக் கல் ஏதேனும் தென்படின் அதனையும் வேற்றான் கல் என்று ஒதுக்காமல் படியெடுத்து வைக்கலாம். தொல்காப்பியம் கூறும் ஆறு படிகளில் முதற்படி 'காட்சி'. கல்லைத் தேடிக் காணுதல் அது. நம்மைப் பொறுத்தவரை, பெயரைத் தேடிக் காணுதலே அந்த முதற்படி. அதனை இவ்வாண்டே தொடங்குவோமாக. ஏனைய ஐந்து படிகளும் தாமே வழிவிடும்.